பெயர் நின்றது, ஆட்சி போயிற்று: முத்துராமலிங்க சேதுபதி

மாரியூர்க் கரையில் நின்றால் மன்னார் வளைகுடா கண்ணெட்டும் தொலைவு விரிந்து கிடக்கிறது. இக்கடற்பகுதி பண்டே யவனரை அறிந்தது. வைகை கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் 1986 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் கிடைத்த உரோமானியக் காசுகளும் மட்கலங்களும் அதற்குச் சான்று.

அந்த உரோம் நாடு முடியாட்சிக்கு மாறிய கதை விந்தையானது. கி.மு. 44இல் சீசர் கொலையுண்டார். உள்நாட்டுப் போர்களில் வென்ற அவருடைய வளர்ப்பு மகன் ஒக்டேவியனுக்குக் கி.மு. 27இல் செனட் அவை அகஸ்டஸ் என்னும் சிறப்புப் பெயரை வழங்கியது. அவர் தம்மை மன்னர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. செனட் முன்போலவே கூடியது. கான்சல்கள் ஆண்டுதோறும் பதவி ஏற்றனர். படையும் எல்லை மாகாணங்களும் மட்டும் ஒருவர் கைக்குப் போயின. குடியரசின் பெயர்கள் எல்லாம் நின்றன. குடியரசு இல்லாமற் போயிற்று.

ஏறத்தாழ 1800 ஆண்டுகள் கழித்து, பெயரை விட்டுவைத்து உயிரைக் கவரும் இவ்வித்தை நம் சேதுநாட்டிலும் நிகழ்ந்தது. உரோமில் அதைச் செய்தவர் அந்நாட்டவர். இங்கே செய்தது கடல் கடந்து வந்த ஒரு வணிகக் கும்பெனி. அதற்கு இரையானவர் முத்துராமலிங்க சேதுபதி.

1760இல் பிறந்த அவர் அறியாப் பருவத்திலேயே அரியணைக்கு உரியவரானார். தாயார் முத்துத்திருவாயி நாச்சியார் மகன் பெயரால் ஆட்சியை நடத்தினார். 1772 சூன் திங்களில் ஆர்க்காட்டு நவாபின் படையும் தளபதி ஜோசப் ஸ்மித்தின் தலைமையில் வந்த கும்பெனிப் படையும் இராமநாதபுரம் கோட்டையைக் கைப்பற்றின. அதே திங்களில் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரும் வீழ்ந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவரான சேதுபதி, தாயாருடன் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார்.

ஒன்பது ஆண்டுகள் உருண்டன. ஐதர் அலியின் படையெடுப்பு நவாபை நிலைகுலையச் செய்தது. மறவர் சீமையிலும் கிளர்ச்சி மூண்டது. இந்நெருக்கடியில், 1781இல், சேதுபதி விடுவிக்கப்பெற்று மீண்டும் அரசரானார். அவருக்கு வாய்த்தது முழு உரிமை அன்று. நவாபுக்குப் பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்டும் அரசே. எனினும் அந்த எல்லைக்குள் அவர் அரசராகவே நடந்துகொண்டார்.

1792இல் நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால், பாளையக்காரரிடம் பேஷ்குஷ் தண்டும் உரிமை கும்பெனிக்குப் போயிற்று. வாளேந்தாமல் ஏட்டில் நிகழ்ந்த மாற்றம் இது. எனினும் வாள் செய்யாததை இது செய்தது. சேதுநாட்டு நெசவாளரின் துணியைத் தன் விருப்பம்போல் கொள்முதல் செய்யக் கும்பெனி விரும்பியது. சேதுபதி அதற்கு இசையவில்லை. சுங்க உரிமையை விட்டுக்கொடுக்கவும் அவர் உடன்படவில்லை. துறைமுகச் சுங்கம் போனால் கடற்கரை நாட்டு அரசருக்கு எஞ்சுவது பட்டப்பெயர் ஒன்றே என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவரிடம் குறையே இல்லை என்பது என் கருத்தன்று. சிவகங்கை மருது சகோதரர்களோடு அவர் கொண்ட பகை இரு நாடுகளையும் வலுவிழக்கச் செய்தது. அப்பகையே கும்பெனி தலையிட வாய்ப்பாயிற்று. 1795 பிப்ரவரி 8ஆம் நாள் இராமநாதபுரம் கோட்டை கும்பெனியின் வசமாயிற்று; சேதுபதி பதவி பறிக்கப்பட்டு மீண்டும் திருச்சிராப்பள்ளிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். ஆறே ஆண்டுகளில், 1801 அக்டோபரில், அதே கும்பெனி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது. ஒருவரையொருவர் பகைத்த இருவரையும் மூன்றாமவர் விழுங்கினார்.

மக்கள் வாளாவிருக்கவில்லை. 1799இல் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைகாரர் தலைமையில் முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் பகுதிகளில் கிளர்ச்சி வெடித்தது. கும்பெனி அதனை ஒடுக்கியது. 1802இல் மயிலப்பன் தூக்கிலிடப்பட்டார்.

1803இல் மன்னரின் உடன்பிறந்தாரான மங்களேசுவரி நாச்சியாருக்கு ஜமீன்தாரி சன்னது வழங்கப்பட்டது. அரண்மனையும் சேதுபதி என்னும் பட்டமும் நிலைத்தன. படை, நீதி, சுங்கம் ஆகியன போயின. அரசு ஜமீனாயிற்று; அரசர் வரி கட்டும் நிலக்கிழார் ஆனார். நவாபின் கதையும் வேறன்று. 1801இல் ஆட்சியைக் கும்பெனி எடுத்துக்கொண்டு பட்டத்தை மட்டும் விட்டுவைத்தது. 1855இல் அப்பட்டமும் போயிற்று.

இவை நிகழ்ந்தபோது முத்துராமலிங்கர் சிறையில் இருந்தார். பின்னர்ச் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1809 சனவரி 23ஆம் நாள் அங்கேயே சிறையில் மறைந்தார். ஐம்பது வயதை எட்டாத அவ்வாழ்வில் ஏறத்தாழ 23 ஆண்டுகள் சிறையில் கழிந்தன.

வகுப்பறையில் சேதுபதிகளைப் பற்றி வினவும்போதெல்லாம், விவேகானந்தர் சிகாகோ செல்லத் துணைநின்ற பாஸ்கர சேதுபதியை மாணவியர் உடனே சொல்வர். சிறையில் மறைந்தவரைச் சொல்பவர் அரியர். பின்வந்த ஜமீன்தார்கள் தமிழுக்குச் செய்த தொண்டு சிறிதன்று. 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அம்மரபினரே. நாம் அதனை நன்றியுடன் போற்றுகிறோம். ஆயினும் அரசராக இருந்தவருக்கும் அரசர் என்று அழைக்கப்பட்டவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மறத்தல் தகாது.

சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்க்கு இவ்வரலாறு ஒரு பாடம். சொல் அப்படியே நிற்க, அதன் பொருள் ஓசையின்றி வெளியேறிவிடும். உரோமில் குடியரசு என்ற சொல்லுக்கும், சேதுநாட்டில் சேதுபதி என்ற சொல்லுக்கும் நேர்ந்தது அதுவே. உள்ளீடு போன சொல்லைத் தட்டிப் பார்த்து, அதன் வெறுமையை ஊரார்க்கு உணர்த்த வேண்டியவர் கவிஞரே. பத்தாண்டு கண்ட நம் இலக்கிய வட்டமும் தன் பெயரை ஆண்டுதோறும் இவ்வாறு தட்டிப் பார்த்துக்கொள்ளுமாக! பெயரும் பொருளும் பிரியாமல் அது நெடிது வாழ்க!