சர்ப்பகந்தி வேரைச் சோதித்த சோப்ரா

ராஜபாளையம் நாயைத் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் உண்டா? வெள்ளை நிறம். சிவந்த மூக்கு. எஜமானின் குரல் கேட்டால் பாய்ந்து வரும்.

அந்த நாய்க்குச் சித்தப்பிரமை பிடிக்குமா?

"வெறிநாய் இல்லையா?" என்று கேட்பீர்கள். அது வேறு. வெறிநோய் கிருமியால் வருவது. சித்தப்பிரமை வந்தவனுக்கு, யாரும் பேசாதபோதே காதில் குரல் கேட்கும். எல்லோரும் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று நம்புவான். உனக்கு அப்படித் தோன்றுகிறதா என்று நாயிடம் கேட்க முடியுமா?

பின்னே, இந்த நோய்க்கான மருந்தை விலங்குகளிடம் எப்படிச் சோதிக்கிறார்கள்? அந்தக் கதையின் தொடக்கத்தில் ஓர் இந்தியர் இருக்கிறார். அவர் பெயர் ராம்நாத் சோப்ரா.

ராணுவ டாக்டர்

இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் 1882-ல் சோப்ரா பிறந்தார். லாகூரில் படித்தார். பிறகு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் படித்தார். 1908-ல் ராணுவ டாக்டர் வேலை. 1921-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியர் ஆனார்.

நாட்டு மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அவர் நம்பவில்லை. கேலி செய்து ஒதுக்கவும் இல்லை. ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தார்.

பீகார் வேர்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்துக்கு மேற்கே மலை தெரிகிறதல்லவா? அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் வளரும் சிறு செடி சர்ப்பகந்தி. இமயமலை அடிவாரத்திலும் உண்டு. பீகாரில் அதன் வேருக்கு "பைத்திய மருந்து" என்றே பெயர்.

1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு டாக்டர்கள், இந்த வேர் மனநோயாளிகளைச் சாந்தப்படுத்துவதாக எழுதினார்கள். அதே ஆண்டில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்தீகி, வேரிலிருந்து சத்துப் பொருள்களைத் தனியாகப் பிரித்தார்.

அப்படிப் பிரித்த ஒரு சத்தைச் சோப்ராவின் குழு விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்து, 1933-ல் முடிவை வெளியிட்டது. ரத்த அழுத்தம் இறங்கியது.

ஆனால் ஒரு புதிர்! முழு வேரைத் தின்றவர் தூங்கினார். பிரித்தெடுத்த சத்துகளோ அப்படித் தூங்க வைக்கவில்லை. அப்படியானால் தூக்கம் தந்தது எது? வேண்டாம் என்று ஒதுக்கிய பிசினில்தான் அது இருக்கிறது என்று 1940-களில் கல்கத்தா ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அந்தப் பிசினிலிருந்துதான் 1952-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் "ரெசர்பின்" என்ற மருந்தைப் பிரித்தார்கள். முரட்டுக் குரங்குகளும் அதைக் கொடுத்தால் சாதுவாயின.

எலியும் மணியும்

அதே சமயத்தில் பிரான்சில் "குளோர்புரோமசின்" என்ற இன்னொரு மருந்து வந்தது. அதை எலியிடம் சோதித்த விதம் சுவையானது. மணி அடிக்கும், உடனே மின்சாரம் தாக்கும். கயிற்றில் ஏறினால் தப்பலாம். சில நாளில் எலி கற்றுக்கொள்ளும். மணி கேட்டதுமே ஏறிவிடும்.

மருந்து கொடுத்த பிறகு மணி அடித்தால் எலி பேசாமல் நிற்கும். ஆனால் மின்சாரம் பட்டால் ஏறும். ஆக, கை கால் நன்றாகத்தான் இருக்கிறது. வரப்போகும் ஆபத்தைப் பற்றிய பதைப்புதான் போய்விட்டது. எலிக்குச் சித்தப்பிரமை எதுவும் இல்லை. ஆனால் சித்தப்பிரமைக்கு உதவும் மருந்துகள் எலியிடம் இப்படித்தான் வேலை செய்கின்றன. சோதிப்பவர்களுக்கு அந்த அடையாளம் போதும்.

1957-ல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து முயல்களை அசையாமல் கிடக்கச் செய்தார். பிறகு "எல்-டோபா" என்ற பொருளைக் கொடுத்தார். முயல்கள் எழுந்து நடமாடின! மூளையில் "டோபமின்" என்ற ரசாயனத்தின் வேலை அப்படித்தான் வெளிப்பட்டது.

மனிதரிடம்

1954-ல் அமெரிக்காவில் நாதன் கிளைன் ரெசர்பினை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். ஆனால் சிலரை அது பெரும் சோர்வில் தள்ளியது. எந்த எலியும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. இன்று மனநோய்க்கு ரெசர்பினைப் பெரும்பாலும் தருவதில்லை. குளோர்புரோமசின் இன்னும் இருக்கிறது.

சோப்ராவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. கடையில் விற்கும் மருந்து உண்மையான மருந்துதானா? 1930-ல் அரசாங்கம் அமைத்த மருந்து விசாரணைக் கமிட்டிக்கு அவரே தலைவர். கலப்பட மருந்துகள் தாராளமாக விற்பதைக் கமிட்டி எடுத்துச் சொன்னது. 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. 1941-ல் அவருக்குச் "சர்" பட்டம் கிடைத்தது.

கல்கத்தாவை விட்ட பிறகும் அவர் ஓயவில்லை. காஷ்மீருக்குச் சென்று அங்கும் மூலிகைகளை ஆராய்ந்தார். 1973-ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 90.