பெரிய கஸ்டமர் கைவிட்டதும் எல்லை தாண்டினார்: வெர்னர் சீமென்ஸ் ஜெயித்த கதை

1851-ல் பெர்லினில் இருந்த ஒரு டெலிகிராப் நிறுவனத்துக்கு அரசு ஆர்டர்கள் அப்படியே நின்றுபோயின. அதன் மிகப்பெரிய வாடிக்கையாளரே பிரஷ்ய அரசுதான். அந்த அரசோடு மல்லுக்கு நின்றவர் நிறுவனர் வெர்னர் சீமென்ஸ். ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷினிலும் ரயில் இன்ஜினிலும் இன்று நாம் பார்க்கும் அதே சீமென்ஸ்.

1816-ல் ஹானோவர் அருகே ஒரு குத்தகை விவசாயி வீட்டில் பிறந்தவர். காலேஜுக்குக் காசில்லை. தொழில்நுட்பம் படிக்கலாம் என்றுதான் பீரங்கிப் படையில் சேர்ந்தார். ஒரு டூயல் சண்டையில் துணை நின்றதற்காகச் சிறைக்குப் போனபோதும் சும்மா இருக்கவில்லை. அங்கேயே மின்முலாம் பூசும் சோதனைகளைச் செய்தார். அந்தக் கண்டுபிடிப்பை இங்கிலாந்தில் விற்றுக் காசாக்கியவர் தம்பி வில்லியம்.

1847-ல் மெக்கானிக் ஹால்ஸ்கேயுடன் சேர்ந்து தொழில் தொடங்கினார். முதலீடு, உறவினர் ஒருவர் கொடுத்த 6,842 தாலர் கடன். கையில் இரண்டு சரக்கு இருந்தது. ஒன்று, எழுத்தைச் சுட்டிக்காட்டும் டெலிகிராப் கருவி. இன்னொன்று, மலாயாப் பக்கத்து மரப்பாலான கட்டாபெர்ச்சாவைக் கம்பிமேல் பூசும் இயந்திரம்.

சண்டை ஏன் வந்தது?

பிரஷ்யா புதைத்த கம்பிகள் பழுதாகத் தொடங்கின. பழி சீமென்ஸ் மேல் விழுந்தது. சிக்கனம் பார்த்து ஆழமில்லாமல் புதைத்ததுதான் காரணம் என்று அவர் அச்சிலேயே பதில் சொன்னார். சொன்னது சரிதான், ஆனால் பெரிய கஸ்டமர் போயாச்சு.

அப்புறம்தான் அவர் எல்லைக்கு வெளியே பார்த்தார். தம்பி கார்ல் ரஷ்யாவுக்குப் போனார். கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்ததால் ஜார் அரசுக்கு டெலிகிராப் அவசரமாகத் தேவைப்பட்டது. பின்லாந்து முதல் கிரிமியா வரை கம்பி போட்டார்கள். உண்மையான லாபம் அதைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தில் வந்தது. இன்றைய டெக் கம்பெனிகள் சப்ஸ்கிரிப்ஷன் என்று கொண்டாடுவது கிட்டத்தட்ட இதைத்தான்.

லண்டனை வில்லியம் கவனித்தார். அங்கே பணம் கடலடிக் கேபிளில் போனது. 1864-ல் ஸ்பெயினிலிருந்து அல்ஜீரியாவுக்குப் போட்ட கேபிள் அறுந்து, கையைச் சுட்டது. இந்த ரிஸ்க் ஹால்ஸ்கேக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு கருவியையும் இழைத்துச் செய்யும் கைவினைக்காரர் அவர். 1867-ல் விலகினார். அவர் பயந்ததில் தப்பே இல்லை, ஒரு கேபிள் போனாலே கம்பெனி ஆட்டம் காணும்.

சகோதரர்கள் பின்வாங்கவில்லை. அடுத்து லண்டனையும் கல்கத்தாவையும் இணைக்கும் சுமார் 11,000 கி.மீ. தடம். பிரஷ்யா, ரஷ்யா, பாரசீகம் வழியாக டெஹ்ரான் வரை புதிய தடம், அங்கிருந்து ஏற்கெனவே இருந்த பிரிட்டிஷ் கம்பி. பெர்லின், லண்டன், ரஷ்யா என மூன்று இடத்திலும் சொந்தத் தம்பி அண்ணன் இருந்ததால் மூன்று அரசுகளோடும் பேச முடிந்தது. இந்த வசதி எந்தப் போட்டியாளருக்கும் கிடையாது. 1870-ல் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குச் செய்தி 28 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அதுவரை நாள்கணக்கில் ஆகும்.

எங்கே சறுக்கினார்?

1866-ல் டைனமோ, 1879-ல் மின்சார ரயில் என்று அடுத்தடுத்து அசத்தியவர், மின்விளக்கில் பின்தங்கினார். எடிசனின் உரிமையை வாங்கி 1883-ல் களமிறங்கியவர் எமில் ராத்தெனாவ். பின்னாளில் ஏ.இ.ஜி. ஆன அவரது நிறுவனம் பங்குகளை விற்றும் வங்கிகளிடம் வாங்கியும் பணம் திரட்டி, ஊர் ஊராக மின்நிலையம் கட்டியது. வெர்னருக்கோ வெளியார் பணம் என்றாலே அலர்ஜி. குடும்பத்தின் லாபத்தை வைத்தே வளரணும் என்பது அவர் பிடிவாதம். தம்பிகளை நம்பி மூன்று நாடுகளில் தொழில் செய்தவர், பங்குதாரர்களை நம்பவில்லை.

1892-ல் அவர் இறந்தார். ஐந்தே ஆண்டுகளில், 1897-ல், சீமென்ஸ்-ஹால்ஸ்கே பங்கு நிறுவனமாக மாறியது. பெரும்பாலான பங்குகள் அப்போதும் குடும்பத்தின் கையில்தான் இருந்தன.