மிருதங்கத்தைக் கேள்வி கேட்ட மேதை சர் சி.வி. இராமன்



ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி 28 வந்தால் தேசிய அறிவியல் தினம் கொண்டாடுகிறோம். சார்ட் எழுதி ஒட்டுகிறோம், மாடல் செய்து வைக்கிறோம், பரிசு வாங்குகிறோம். ஆனால் இராமன் விளைவு என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இரண்டு மார்க் பதிலை ஒப்பித்துவிட்டு நழுவி விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கப்பா கேட்ட ஒரே ஒரு கேள்வி என்னை மாற்றியது.

எங்க ஊர் பென்னாகரம் பக்கம். எங்கப்பா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். மாரியம்மன் பண்டிகைக்குத் தப்பு அடிப்பார், மற்ற நாளில் கூலி வேலை, சீசனில் புளி உலுக்குவார். நான் சார்ட்டில் ஒட்டுவதற்கு வைத்திருந்த தலைப்பாகைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, இவரு யாருப்பா, என்ன பண்ணாருன்னு கேட்டார். நானும் ஒளிச்சிதறல், அலைநீளம், மூலக்கூறு என்று மனப்பாடம் பண்ணியதை மளமளவென்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சரிப்பா என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு வெட்கப்பட வேண்டியவர் அவர் இல்லை, நான்தான். படிப்பு என் வாயில் இருந்தது, அவர் காது வரைக்கும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் நூலகத்தில் உட்கார்ந்து அந்த மேதையின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

திருவானைக்காவலில் இருந்து கல்கத்தாவுக்கு

சந்திரசேகர வெங்கட இராமன் 1888 நவம்பர் 7-இல் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் ஆசிரியர், வயலின் வாசிக்கத் தெரிந்தவர். தாய் பார்வதி அம்மாள். தந்தைக்குக் கல்லூரியில் வேலை கிடைத்ததால் குடும்பம் விசாகப்பட்டினம் போனது. பதினோரு வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறிய பையன், 1904-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படிப்பில் முதல் இடம் பெற்றார். 1906-இல் மாணவராக இருக்கும்போதே அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இங்கிலாந்துப் பத்திரிகையில் அச்சானது. அப்போது அவருக்கு நம்ம வயசுதான், பதினெட்டு!

ஆனால் அந்தக் காலத்தில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க முடியாது. அதனால் நிதித்துறைத் தேர்வு எழுதித் தேறி, 1907-இல் கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரி ஆனார். அதே ஆண்டில் லோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அம்மையார் வீணை வாசிப்பவர்.

திறந்த கதவு

கல்கத்தாவில் டிராம் வண்டியில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்று இருந்தது. 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் நன்கொடை திரட்டித் தொடங்கிய இடம் அது. நம்ம மக்களும் அறிவியலைக் கேட்க வேண்டும், சோதனையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பொதுச் சொற்பொழிவுகள் வைத்தவர் அவர். எதிர்பார்த்த வளர்ச்சியைக் காணாமலே 1904-இல் அவர் மறைந்தார். பிறகு வந்து இராமன் கதவைத் தட்டினார். உதவியாளர் ஆசுதோஷ் டே கதவைத் திறந்தார். காலையில் ஆபீசுக்குப் போகும் முன்னும், சாயங்காலம் ஆபீஸ் விட்ட பின்னும் அங்கேதான் ஆராய்ச்சி. இப்படியே பல வருஷம்! 1917-இல் கை நிறையச் சம்பளம் தந்த அரசு வேலையை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

தோலும் கரணையும்

அங்கே அவர் முதலில் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒளி மட்டும் இல்லை, இசைக்கருவியும் இருந்தது. வயலினை மெஷினால் வாசிக்க வைத்து, வில் எத்தனை வேகத்தில் போனால், எவ்வளவு அழுத்தினால் நாதம் எப்படி மாறுகிறது என்று அளந்தார். வீணையின் குதிரை ஏன் தட்டையாக, லேசான வளைவோடு இருக்கிறது என்று ஆராய்ந்தார். பிறகு மிருதங்கம், தபேலா.

நண்பர்களே, வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் ஒரு சத்தம் மட்டும் வராது. அடிச்சுருதியோடு பல மேல்சுருதிகளும் சேர்ந்து வரும். அடிச்சுருதியின் அதிர்வு எண்ணை 1 என்று வைத்தால், மற்றவை 1.59, 2.14, 2.30 என்று உடைந்த கணக்கில் நிற்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டாது. அதனால்தான் பல மத்தளங்களில் தாளம் உண்டு, சுருதி இல்லை. ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையில் மட்டும் சுருதி சுத்தமாகக் கேட்கிறதே, அது எப்படி?

1920-இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து நேச்சர் பத்திரிகையிலும், பிறகு 1934-இல் விரிவாகவும் இராமன் இதற்குப் பதில் எழுதினார். ரகசியம் நடுவில் இருக்கும் கரணையில் இருக்கிறது. ஒருவகைக் கருங்கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, பூசித் தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்து ஏற்றும் கறுப்பு வட்டம் அது. அந்த எடை தோலின் அதிர்வுகளைக் கட்டுக்குள் இழுத்து 1, 2, 3, 4, 5 என்ற முழுக்கணக்குக்குக் கிட்டத்தட்டக் கொண்டுவந்து விடுகிறது. தோலின் மேல் பொடி மணலைத் தூவி, எந்த இடம் ஆடுகிறது, எந்த இடம் ஆடாமல் நிற்கிறது என்று மணல் போடும் கோலத்தைப் பார்த்தே இதைக் காட்டினார்.

இதை முதன்முதலில் கண்டுபிடித்த தொழிலாளி யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் சூத்திரம் எழுதவில்லை, காதை நம்பித் தேய்த்தார். அவர் கைக்குத் தெரிந்ததை உலகம் அறிய எழுதிக் காட்டியவர் இராமன். இயற்பியலும் சங்கீதமும் தோல் வேலையும் வேறு வேறு டிபார்ட்மெண்ட் என்று அவர் நினைக்கவே இல்லை.

கடலின் நிறம்

1921-இல் ஒரு மாநாட்டுக்காக இங்கிலாந்து போய்விட்டு நார்குண்டா கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் அவரை நிறுத்தியது. வானத்தின் நிறத்தைத்தான் கடல் கண்ணாடி மாதிரி காட்டுகிறது என்று மேல்நாட்டு அறிஞர் ராலே சொல்லியிருந்தார். இராமன் தன்னிடம் இருந்த ஒரு சிறிய பட்டகத்தின் வழியாகப் பார்த்து, மேற்பரப்பில் பிரதிபலிக்கும் வெளிச்சத்தை விலக்கினார். அப்போதும் நீலம் போகவில்லை. அப்படியென்றால் தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன!

அங்கே பிடித்த நூல் 1928 பிப்ரவரி 28-இல் முடிச்சாயிற்று. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் உடன் இருந்து சோதனைகள் செய்தார். ஒரே நிற ஒளியைத் திரவத்துக்குள் விட்டால், சிதறி வெளியே வரும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறம். மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்பதைப் பொறுத்தது. தட்டினால் ஒவ்வொரு மத்தளமும் தன் குரலைச் சொல்வது போல, ஒளி தட்டினால் ஒவ்வொரு பொருளும் தன் குரலைச் சொல்கிறது! இதுதான் இராமன் விளைவு. மறுநாளே பத்திரிகைகளுக்குச் செய்தி போனது. 1930-இல் நோபல் பரிசு. அறிவியலில் அதைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. இன்றைக்கு மருந்தையும் ரத்தினக்கல்லையும் இந்த முறையில் சோதிக்கிறார்கள். 2021-இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியிலும் இராமன் விளைவைப் பயன்படுத்தும் கருவி இருக்கிறது.

திறக்கத் தயங்கிய கதவு

மேதைகளிடமும் குறை உண்டு. 1933-இல் இராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழக இயக்குநராக வந்தபோது, கமலா பாகவத் என்ற மாணவி ஆராய்ச்சிக்கு இடம் கேட்டார். பெண் என்பதால் மறுத்தார் இராமன். அந்த அம்மையார் விடவில்லை. கடைசியில் நிபந்தனைகளோடு ஒரு வருஷம் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். அவர் வேலையைக் கண்ட பிறகுதான் அங்கே பெண்களுக்கு வழி பிறந்தது. கமலா பின்னாளில் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். தனக்குக் கதவு திறந்ததை அறிந்தவரே இன்னொருவருக்குத் திறக்கத் தயங்கினார். நம் சகோதரிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், சகோதரர்களும்தான்.

மேடையில் ஒரு ஆசிரியர்

இராமன் தன் கண்டுபிடிப்புகளை அறிஞர்களுக்கு மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. வானொலியில் பேசினார். அந்தப் பேச்சுகள் 1951-இல் நூலாகவும் வந்தன. 1948-இல் பெங்களூரில் தன் பெயரில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய பிறகு, காந்தி நினைவுச் சொற்பொழிவு என்று அக்டோபர் 2-இல் பொதுமக்களுக்குத் தன் புதிய ஆராய்ச்சிகளைச் சொல்லி வந்தார். வைரம், பூக்களின் நிறம், கண் எப்படிப் பார்க்கிறது என்றெல்லாம் அவர் ஆராய்ச்சி விரிந்தது.

1968 டிசம்பரில், எண்பது வயதில், விக்ரம் சாராபாய் அகமதாபாத்தில் உருவாக்கிய சமுதாய அறிவியல் மையத்தில் பேசினார். தலைப்பு என்ன தெரியுமா? வானம் ஏன் நீலமாக இருக்கிறது! நிலா வெளிச்சமும் சூரிய வெளிச்சம்தானே, அப்புறம் பௌர்ணமி ராத்திரியில் வானம் ஏன் நீலமாகத் தெரியவில்லை என்றும் கேட்டு, நிறம் தெரிய நம் கண்ணுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்று விளக்கினார். வானத்தில் தொடங்கிக் கண்ணில் முடித்தார். 1970 அக்டோபர் 2-இல் கடைசியாகப் பேசியது, காது எப்படிக் கேட்கிறது என்பதைப் பற்றி. அதே ஆண்டு நவம்பர் 21-இல் மறைந்தார். அவர் நேசித்த தோட்டத்திலேயே தகனம் செய்து, அங்கே ஒரு மரம் நட்டார்கள்.

எங்க வீட்டு வாசலில்

இதையெல்லாம் படித்துவிட்டு ஒருநாள் ராத்திரி எங்கப்பாவிடம் மறுபடியும் பேசினேன். இந்தத் தடவை அலைநீளத்தில் ஆரம்பிக்கவில்லை, மிருதங்கத்தில் ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பனி பெய்தால் தப்பு சத்தம் இறங்கிப் போவதும், நெருப்பில் காய்ச்சினால் ஏறுவதும் அவருக்கு எனக்கு முன்னாடியே தெரியும். ஏன் என்று நான் சொல்ல, எப்படி என்று அவர் சொன்னார். அப்புறம் எழுந்து போய், தட்டில் இருந்த ராகிக் களியில் ஒரு உருண்டை கிள்ளி வந்து தப்பின் நடுவில் அப்பி, ஒரு தட்டு தட்டினார். சத்தம் கீழே இறங்கியது! இன்னும் கொஞ்சம் அப்பினார், இன்னும் இறங்கியது. எங்கம்மா சாப்பாட்டை வீணாக்கறீங்களேன்னு சத்தம் போட்டார்கள். எங்கப்பா அதைக் காதில் வாங்காமல், எவ்வளவு வெச்சா சுருதி சரியா நிக்கும்பான்னு என்னைக் கேட்டார்.

நண்பர்களே, அதுதான் இராமன் கேட்ட கேள்வி! அதற்குப் பதில் எனக்கு இன்னும் தெரியாது. எங்க லேபில் இருக்கும் சி.ஆர்.ஓ.வில் மைக் வைத்து அந்தத் தப்பின் அலையைப் பார்க்க வேண்டும், எங்கப்பாவையும் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்று ஆசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

நம்மில் பலர் வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவர்கள். மார்க் ஷீட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனால் போதாது, படித்ததையும் கொண்டுபோவோம். வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும்படி சொல்ல முடியவில்லை என்றால் நமக்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். கேட்போம்! சொல்வோம்! வளர்வோம்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை