கிளைவழி கண்ட ஜான் ஹண்டர்

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, தந்தையார் மார்பு வலியென்று சொன்னார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இதயத்துக்குக் குருதி கொண்டு செல்லும் பெரிய குழாய்களில் ஒன்று முற்றும் அடைபட்டிருந்தது. ஆயினும் அதற்கு அப்பாலிருந்த தசை சாகவில்லை. பக்கத்துக் குழாயிலிருந்து மெல்லிய கிளைகள் வந்து அதற்கு உணவூட்டிக்கொண்டிருந்ததை மருத்துவர் ஆஞ்சியோகிராமில் காட்டினார். அந்தக் கிளைகளை நம்பிக் கத்தியை எடுத்த ஒரு மனிதரைப் பற்றி வகுப்பில் கேட்டிருந்தேன். தில்லிக்குத் திரும்பியதும் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ஜான் ஹண்டர் 1728-இல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. பள்ளிப் படிப்பு ஏறவில்லை. புல்லும் பறவையும் பூச்சியுமே அவருக்குப் பாடநூல்கள். 1748-இல் லண்டன் சென்று, அண்ணன் வில்லியம் நடத்திய உடற்கூற்றுப் பள்ளியில் உதவியாளரானார். பல ஆண்டுகள் பிணங்களை அறுத்து அறுத்தே கற்றார். பிறகு படையில் அறுவை மருத்துவராக இருந்தார். 1768-இல் புனித ஜார்ஜ் மருத்துவமனையில் பதவி பெற்றார். அம்மைத் தடுப்பால் புகழ் பெற்ற எட்வர்டு ஜென்னர் இவர் மாணவரே.

அக்காலத்தில் முழங்காலின் பின்புறத்துக் குருதிக் குழாய் வீங்கிப் பை போலத் துடிக்கும் நோய் பலரைக் கொன்றது. பை வெடித்தால் உயிர் போகும். காலை வெட்டி எறிவது ஒரு வழி; பையைத் திறந்து குழாயைக் கட்டுவது மற்றொரு வழி. இரண்டிலும் பிழைத்தவர் சிலரே.

பையைத் தொடாமல், தொடையில் நோயற்ற இடத்தில் குழாயைக் கட்டினால் என்ன என்று ஹண்டர் எண்ணினார். கால் அழுகிவிடாதா? ரிச்மண்டு பூங்காவில் ஒரு கலைமானின் கொம்புக்குச் செல்லும் குழாயை அவர் கட்டியதாக ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கொம்பு குளிர்ந்தது, சில நாளில் மீண்டும் சூடேறியது. அறுத்துப் பார்த்தால் சிறு கிளைகள் பருத்திருந்தனவாம்.

1785 டிசம்பரில் 45 வயதுக் குதிரைவண்டி ஓட்டுநர் ஒருவர் வந்தார். மயக்க மருந்து அறியாத காலம். ஹண்டர் தொடைக் குழாயைக் கட்டினார். கால் அழுகவில்லை. ஏறக்குறைய ஆறு வாரத்தில் அவர் வீடு திரும்பினார். மீண்டும் வண்டி ஓட்டினார். 1787-இல் வேறொரு காய்ச்சலில் அவர் இறந்தபின், ஹண்டர் அக்காலைப் பெற்று ஆராய்ந்தார். கட்டிய இடத்தில் குழாய் மூடியிருந்தது; பை சுருங்கியிருந்தது.

இதன் காரணம் இன்று நமக்குத் தெளிவாகத் தெரியும். பெரிய குழாய்களுக்கிடையே பிறவியிலேயே நுண்ணிய இணைப்புகள் உண்டு. பெருவழி அடைபட்டால் அப்பால் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குருதி அந்த இணைப்புகள் வழியே பாய்கிறது. பாயும் குருதி உட்சுவரை உராய்வதால் சுவரின் உயிரணுக்கள் தூண்டப்படுகின்றன. சில வாரங்களில் குழாய் அகன்று தடிக்கிறது.

ஹண்டரைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. தம் உடலைக் கடலில் அடக்கம் செய்யுமாறு வேண்டிய சார்லஸ் பைர்ன் என்ற நெடிய மனிதரின் எலும்புக்கூட்டை, 1783-இல் அவர் விருப்பத்தை மீறித் தமதாக்கிக்கொண்டார். அறிவுத் தாகம் அறத்தை மறந்த இடம் அது.

அவர் முடிவு இன்னும் நெஞ்சைத் தொடுகிறது. இருபதாண்டுக் காலம் அவருக்கே மார்பு வலி இருந்தது. சினம் வந்தால் வலியும் வரும் என்பதையும் அறிந்திருந்தார். 1793 அக்டோபர் 16-இல் மருத்துவமனைக் கூட்டத்தில் வாக்குவாதம் எழுந்தது. வெளியேறியவர் அங்கேயே விழுந்து இறந்தார். இதயக் குழாய்கள் கல்லாக இறுகியிருந்ததைப் பிணப் பரிசோதனை காட்டியது.

சென்ற மாதம் தந்தையார் தொலைபேசியில், உடம்பே வழி செய்துகொண்டதே, இனி மாத்திரை எதற்கு என்று கேட்டார். கிளைவழி எல்லாருக்கும் போதிய அளவு அமைவதில்லை; அடைப்பு திடீரென வந்தால் அது வளர நேரமும் இராது. இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், ஹண்டரின் கதையை இறுதிவரை சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அம்மாவை அழைத்து, மாத்திரை டப்பா எங்கே என்று கேட்டது என் காதில் விழுந்தது.