இன்டர்நெட்டின் கணக்கப்பிள்ளை

- மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை



ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, எடிசன், விஸ்வேஸ்வரய்யா, அப்துல் கலாம் எல்லோரையும் மற்றவர்கள் ஏற்கெனவே பிடித்துவைத்திருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டவர் ஜான் போஸ்டெல். பெயரைக் கேட்டால் தபால் ஆபீஸ் ஞாபகம் வரும். அவர் பார்த்த வேலையும் கிட்டத்தட்ட அதுதான். விலாசக் கணக்கு.

அவரை நான் தெரிந்துகொண்டதே ஒரு தப்பு செய்த பிறகுதான். இன்பிளான்ட் டிரெய்னிங்குக்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார்கள். டி.எச்.சி.பி. சர்வீஸை மாற்றுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை: ஒரு கம்ப்யூட்டர் ஆன் ஆனதும், எனக்கு ஒரு நம்பர் வேணும் என்று நெட்வொர்க்கில் குரல் கொடுக்கும். டி.எச்.சி.பி. சர்வர் தன் கையில் இருக்கிற நம்பர்களில் ஒன்றை இத்தனை நாளைக்கு என்று குத்தகைக்குக் கொடுத்து, யாருக்குக் கொடுத்தோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளும். நான் புது சர்வரில் அதே நம்பர் வரிசையை டைப் செய்தேன். பழைய குத்தகைக் கணக்கைக் கொண்டுவரவில்லை. பழைய சர்வரில் அந்த சர்வீஸை நிறுத்தவும் இல்லை. மறுநாள் காலை, பில் பிரின்டருக்கென்று ஒதுக்கியிருந்த நம்பரை யாரோ ஒருவருடைய லேப்டாப்புக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது புது சர்வர். மதியம் வரை பில் வரவில்லை. கவுண்டரில் ஜனங்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ராத்திரி வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா என்னடா என்றார். அவர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்கிற முதல் ஆள் நான். சர்வர் என்றதும் ஓட்டல் சர்வரா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பழைய புக்கில் டோக்கன் வாங்கின வண்டி உள்ளே நிற்கும்போதே அதே நம்பர் போட்ட புதுப் புக்கை எவனாவது கிழிப்பானா, ஒரே நம்பருக்கு ரெண்டு வண்டி வந்து நிற்காதா என்றார். மூன்று வருஷம் படித்த எனக்குத் தோன்றாதது அவருக்கு அரை நிமிஷத்தில் தோன்றிவிட்டது.

அப்படியானால் இன்டர்நெட் முழுவதுக்குமான டோக்கன் புக் யார் கையில் இருந்தது? தேடிப் போனதில்தான் போஸ்டெல் கிடைத்தார்.

1943 ஆகஸ்ட் 6-ல் கலிபோர்னியாவில் உள்ள அல்டடீனாவில் பிறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1966-ல் பொறியியல் பட்டம், 1968-ல் முதுநிலை, 1974-ல் டாக்டர் பட்டம். அவர் அங்கே மாணவராக இருந்தபோதுதான், 1969-ல், அர்பாநெட்டின் முதல் இணைப்பு அந்தப் பல்கலைக்கழகத்திலேயே வைக்கப்பட்டது. ஸ்டீவ் கிராக்கர், வின்ட் செர்ஃப் எல்லாம் அவருடைய சகாக்கள். இந்த மெஷின்கள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை. மாணவர்களே குறிப்புகள் எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். ஆர்.எஃப்.சி. என்று நாம் படிக்கிறோமே, அதுதான். அவற்றைத் திருத்தி, நம்பர் போட்டு வெளியிடுகிற வேலை போஸ்டெலிடம் வந்தது. சாகும் வரை அதை விடவில்லை. 2,000-க்கும் மேற்பட்ட குறிப்புகள்.

இன்னொரு வேலையும் அவரிடம் ஒட்டிக்கொண்டது. எந்த சர்வீஸுக்கு எந்த எண் என்று யாராவது ஒருவர் பட்டியல் வைத்திருக்க வேண்டும், நானே வைத்துக்கொள்ளட்டுமா என்கிற மாதிரி 1972-ல் ஒரு குறிப்பு எழுதினார். யாரும் மறுக்கவில்லை. அவ்வளவுதான் நியமனம்! ஈமெயில் அனுப்ப 25, வலைப் பக்கத்துக்கு 80 என்று நாம் மனப்பாடம் செய்கிற போர்ட் எண்கள் அந்தப் பட்டியலில் உள்ளவை. நான் சொதப்பிய டி.எச்.சி.பி.யின் 67, 68 கூட அதில்தான் இருக்கின்றன. 1977-ல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவரோடு ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற அம்மாவும் அந்தக் கணக்கைப் பார்த்தார். 1994-ல் இருவர் பெயரிலும் வந்த பட்டியல் 200 பக்கங்களுக்கு மேல். இந்த அலுவலுக்குப் பின்னாளில் ஐயானா என்று பெயர் வந்தது. நீண்ட தாடி, காலில் செருப்பு. படத்தைப் பார்த்தால் சாமியார் மாதிரி இருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1983. அதுவரை அர்பாநெட் என்.சி.பி. என்ற பழைய முறையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை விட்டு டி.சி.பி./ஐ.பி.க்கு மாற வேண்டும். மாற்றத் திட்டத்தை 1981 நவம்பரிலேயே போஸ்டெல் எழுதி வெளியிட்டார். ஒரே ராத்திரியில் மாற்றிவிடு என்று அதில் இல்லை. 1982 முழுக்க இரண்டும் ஓடட்டும், இரண்டும் தெரிந்த சில மெஷின்கள் நடுவில் நின்று மொழிபெயர்க்கட்டும், 1983 ஜனவரி 1-ல் பழையதை நிறுத்திவிடலாம் என்று இருந்தது. நடுவில் ஒருநாள் பழையதை வேண்டுமென்றே அணைத்து ஒத்திகையும் பார்த்தார்கள். யார் தயாராக இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. நாள் வந்தபோதும் சிலருக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் நெட்வொர்க் நிற்கவில்லை. இதைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கவுண்டர் வரிசைதான் என் கண் முன்னால் வந்தது. நான் ஒரு மணி நேரம்கூட ஒத்திகை பார்க்கவில்லை.

அப்படிப்பட்டவர் 1998-ல் செய்த காரியம் வேறு மாதிரி. டொமைன் பெயர்களுக்கெல்லாம் தலைப் பட்டியல் ஒன்று உண்டு. அதன் மூலப் பிரதி நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனியின் சர்வரில் இருந்தது. மற்ற 12 ரூட் சர்வர்களும் அதைப் பார்த்துப் பிரதி எடுக்கும். டொமைன் வியாபாரமாகி, இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று அரசாங்கமும் கம்பெனியும் பொறியாளர்களும் இழுத்துக்கொண்டிருந்த நேரம். ஜனவரி 28-ல், இனிமேல் மூலப் பிரதியை ஐயானாவின் சர்வரிலிருந்து எடுங்கள் என்று 8 ரூட் சர்வர்காரர்களுக்கு போஸ்டெல் ஈமெயில் அனுப்பினார். அவர் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக எட்டுப் பேரும் மாற்றினார்கள்.

இன்டர்நெட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு தலைகள். ஆனால் உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இரண்டு பிரதியிலும் ஒரே கணக்கு இருந்தது. (என் சர்வர்களில் இருந்தது இரண்டு கணக்கு!) வெள்ளை மாளிகை ஆலோசகர் ஐரா மேகஸினர் கண்டித்ததும், ஒரு வாரத்துக்குள் பழையபடியே மாற்றிவிட்டார். அது வெறும் சோதனைதான் என்பது போஸ்டெல் தரப்பு விளக்கம். என்னைக் கேட்டால், யாரையும் கலந்துகொள்ளாமல் செய்தது சரியில்லை. ஆனால் 1972-ல் இருந்து ஒரு கணக்கைச் சுமந்தவர், அது நாளைக்கு யார் கைக்குப் போகுமோ என்று பதறியிருக்க மாட்டாரா?

அதே வருஷம் செப்டம்பர் 30-ல் ஐகேன் என்ற புது நிறுவனம் பதிவானது. கணக்கை அதன் கையில் ஒப்படைக்கும் ஏற்பாட்டில்தான் போஸ்டெல் அப்போது இருந்தார். இருதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு அக்டோபர் 16-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். வயது 55.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அந்த மனுஷன் போன மறுநாள் டோக்கன் யார் போட்டது என்று கேட்டார். அதற்கும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். ரெனால்ட்ஸ் அம்மாவும் கூட இருந்தவர்களும் அதே அலுவலகத்தில் வேலையை விடாமல் பார்த்தார்கள். பிறகு கணக்கு ஐகேனுக்குப் போனது. அமெரிக்க அரசாங்கம் அதன் மேலிருந்த கையை எடுத்தது 2016 அக்டோபரில். பதினெட்டு வருஷம், என் வயசு.