சீப்பு வியாபாரி தந்த கார்கள்: ஏர்ஃபிக்ஸ் நிறுவனர் நிக்கோலஸ் கோவ்

இந்தக் கோடை விடுமுறையில் நம் வளாகத்தில் பிளாஸ்டிக் மாடல் கார் ஒட்டுகிற பழக்கம் மறுபடி சூடுபிடித்திருக்கிறது. பிள்ளைகளைவிட அப்பாக்களும் தாத்தாக்களும்தான் அதிகம் ஒட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம். அவர்களில் பழைய ஆட்களிடம் ஏர்ஃபிக்ஸ் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய நிக்கோலஸ் கோவின் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். அவருக்குப் பொம்மைப் பைத்தியமும் கிடையாது, கார் பைத்தியமும் கிடையாது. காசு கணக்குப் பார்க்கிற வியாபாரி. கூலியை மிச்சம் பிடிக்க அவருடைய கம்பெனி போட்ட ஒரு கணக்கிலிருந்துதான் ஏர்ஃபிக்ஸ் கிட் பிறந்தது.

கோவ் 1891-இல் ஹங்கேரியில் பிறந்த யூதர். சொந்த ஊரில் அவர் பெயர் மிக்லோஷ். முதல் உலகப் போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் சேர்ந்து, ரஷ்யர்களிடம் பிடிபட்டு, சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து தப்பி ஊர் வந்து சேர்ந்தார். வந்த இடத்திலும் நிம்மதி இல்லை. 1919-இல் பேலா குன் தலைமையில் ஹங்கேரியில் அமைந்த கம்யூனிஸ்ட் அரசில் அவரும் பணியாற்றினார். அந்த ஆட்சி நான்கரை மாதம்கூட முழுதாக நிற்கவில்லை. அது விழுந்ததும் அதில் இருந்தவர்களுக்கு நாட்டில் இடமில்லாமல் போயிற்று.

1930களில் அவரை ஸ்பெயினின் பார்சிலோனாவில் பார்க்கிறோம். அங்கே பிளாஸ்டிக் தொழில் தொடங்கினார். 1936-இல் உள்நாட்டுப் போர் வந்தது, தொழிலை விட்டுவிட்டு இத்தாலிக்குப் போனார். அங்கே சட்டைக் காலரை விறைப்பாக்கும் ஒரு முறையை வைத்துப் பிழைத்தார். அதற்கு வைத்த பெயர் இன்டர்ஃபிக்ஸ். 1938-இல் முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டங்களைக் கொண்டுவந்தது. அடுத்து லண்டன். அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மொழி புதிது, ஊர் புதிது. மூன்றாவது முறையாக முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை.

1939-இல் அவர் லண்டனில் தொடங்கிய கம்பெனிதான் ஏர்ஃபிக்ஸ். காற்றடைத்த ரப்பர் பொம்மைகள் செய்தார்கள் என்பதால் பெயரில் ஏர் வந்தது. ஃபிக்ஸ் என்று முடியும் பெயர்கள் மீது அவருக்கு ஒரு மோகம் இருந்திருக்கிறது. இன்னொரு காரணமும் சொல்வார்கள். ஆங்கில அகரவரிசையில் ஏ-யில் தொடங்கினால் வியாபார டைரக்டரியில் முன்னால் வருமாம். நம் ஊர் டெலிபோன் டைரக்டரியில் ஏ-ஒன் மெக்கானிக், ஏ-ஒன் டெய்லர் என்று தேடித் தேடிப் பெயர் வைத்தவர்களுக்கு இது உடனே புரியும். மாடல் கிட்டுக்கும் அந்தப் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கிட் வருவதற்கு இன்னும் பத்து வருடம் இருந்தது.

போர்க்காலத்தில் ரப்பர் தட்டுப்பாடு. பொம்மை ஓரம்போயிற்று, கிடைத்ததைச் செய்து ஓட்டினார்கள். போர் முடிந்ததும் கோவ் துணிச்சலாக ஒன்று செய்தார். பிரிட்டனில் அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, 1947 வாக்கில் சீப்பு செய்ய ஆரம்பித்தார். அதுவரை பிளாஸ்டிக் தகட்டை ரம்பத்தால் அறுத்துத்தான் சீப்புக்குப் பல் எடுப்பார்கள். இவருடைய மெஷினில் உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தினால் முழுச் சீப்பாக வெளியே வரும். சீக்கிரமே பிரிட்டனில் அதிகம் சீப்பு செய்கிற கம்பெனியாக ஏர்ஃபிக்ஸ் வளர்ந்துவிட்டது.

சீப்பு செய்கிறவரிடம்தான் 1949-இல் டிராக்டர் வந்து சேர்ந்தது. ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனி தன் விற்பனைப் பிரதிநிதிகள் விவசாயிகளிடம் எடுத்துக் காட்டுவதற்குச் சின்ன மாடல் ஒன்று கேட்டது. டிஇ 20 என்ற அந்தச் சாம்பல் நிற டிராக்டரின் வழிவந்த மாஸே ஃபெர்குசன் வண்டிகளைத்தான் நம் பக்கத்துச் செம்பியத்தில் டாஃபே 1960களிலிருந்து செய்தது என்பதால், இது நமக்கு அப்படியொன்றும் அந்நியமான டிராக்டர் அல்ல. ஏர்ஃபிக்ஸ் மாடலைச் செய்து கொடுத்தது. முதலில் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே ஆட்களை வைத்து ஒட்டி, முழு டிராக்டராகக் கொடுத்தார்கள். அதையே பொம்மையாகக் கடையிலும் விற்றார்கள். சக்கரம், அச்சு, ஸ்டியரிங், எஞ்சின் என்று ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டுவதற்குக் கூலி அதிகமானது. அதனால் ஒட்டாமலேயே பாகங்களைப் பெட்டியில் போட்டு, வாங்குகிறவரே ஒட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். ஏர்ஃபிக்ஸின் முதல் கிட் இப்படித்தான் வந்தது.

இதைப் படிக்கும்போது எண்ணூரில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு ஞாபகம் வந்திருக்கும். அதே 1949-இல் இங்கேயும் ஒரு கிட் பிரிக்கப்பட்டது, அசல் அளவில். ரகுநந்தன் சரண் 1948-இல் தொடங்கி, தன் மகன் பெயரை வைத்த அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து ஆஸ்டின் ஏ 40 கார்களைப் பாகம் பாகமாக வரவழைத்து எண்ணூரில் பூட்டியது. சி.கே.டி. என்று தொழிற்சாலைக்காரர்கள் சொல்வது இதைத்தான். முழுக் காரைக் கப்பலில் ஏற்றினால் உள்ளே இருக்கும் காற்றுக்கும் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டும். பிரித்து அடுக்கினால் இடம் மிச்சம். முழு வண்டிக்கு உள்ள வரியைவிடப் பாகங்களுக்கு வரி குறைவு. பூட்டுகிற வேலை உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைக்கும். பூட்டினால் மட்டும் போதாது, பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 1953-இல் கறாராகச் சொன்னது. அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் போனது தனிக்கதை. வாண்ட்ஸ்வொர்த் என்ற லண்டன் பகுதியில் கோவின் தொழிற்சாலையும், கடலோரத்து எண்ணூர் ஷெட்டும் ஒரே ஆண்டில் ஒரே விதமான கணக்கைப் போட்டன என்பது எனக்குப் பிடித்த பொருத்தம். ஒரு வித்தியாசம் உண்டு. எண்ணூரில் பூட்டியவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. கோவின் டிராக்டரைப் பூட்டியவர்கள் அவருக்குக் காசு கொடுத்தார்கள்!

பிளாஸ்டிக் கிட்டை உலகத்தில் முதலில் செய்தவர் கோவ் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனிலேயே ஃபிராக் கம்பெனி 1936-இல் பென்குயின் என்ற பெயரில் விமானக் கிட்டுகளை விற்றிருக்கிறது. பழைய கார்களை 32-இல் ஒரு பங்காகக் கிட்டில் கொண்டுவந்து பிரபலமாக்கியது அமெரிக்காவின் ரெவெல், 1950களின் தொடக்கத்தில். ஏர்ஃபிக்ஸின் சாமர்த்தியம் விலையில்தான் இருந்தது.

அந்த விலைக் கதை 1952-இல் நடந்தது. உல்வொர்த் என்ற பெரிய கடைத்தொடரின் கொள்முதல் அதிகாரி, சின்னக் கப்பல் ஒன்றைக் கிட்டாகச் செய்யச் சொன்னார். பிரான்சிஸ் டிரேக் உலகைச் சுற்றிய கோல்டன் ஹைண்ட் கப்பலைத் தேர்ந்தெடுத்தார்கள். உல்வொர்த் கேட்ட விலை 2 ஷில்லிங். அன்றைய மாற்று விகிதத்தில் நம் ஊர்க் காசுக்கு ஒரு ரூபாய் ஐந்தணா சொச்சம். அட்டைப் பெட்டி போட்டால் கட்டுப்படியாகாது. எனவே பெட்டியை விட்டுவிட்டு, பாலித்தீன் பையில் பாகங்களைப் போட்டு, மேலே மடித்த ஒரு காகிதத்தைப் பின் அடித்துக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தின் உள்பக்கத்திலேயே ஒட்டும் முறையும் அச்சாகிவிட்டது. டிராக்டருக்குப் பயன்படுத்திய அசிடேட் பிளாஸ்டிக் நாளடைவில் சுருங்கி நெளியும். இதற்கு அது வேண்டாம் என்று பாலிஸ்டைரீனுக்கு மாறினார்கள். கிட் நன்றாக விற்றது.

இங்கேதான் கோவின் பிடிவாதம் குறுக்கே வந்தது. கொள்முதலைக் கவனித்துக்கொண்டிருந்த ஜான் கிரே, 1950இல் கம்பெனியில் சேர்ந்த ரால்ஃப் எர்மன் ஆகிய இருவரும் அடுத்தடுத்து கிட்டுகள் செய்ய வேண்டும் என்றார்கள். கோவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு கப்பல் விற்றதற்காக வரிசையாக விற்குமா என்று சந்தேகப்பட்டார். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு அச்சு செய்ததைப் பார்த்துவிட்டு, அந்தச் செலவை கிரேயிடமே வசூலிப்பேன் என்று மிரட்டினாராம். மோல்டிங் தொழில் தெரிந்தவர்களுக்கு அவருடைய பயம் புரியும். பிளாஸ்டிக் மலிவு, டை மலிவில்லை. உருக்கைக் குடைந்து செய்யும் ஒரு டைக்குப் போட்ட பணம் திரும்ப வர ஆயிரக்கணக்கில் பை விற்க வேண்டும். மூன்று நாட்டில் எல்லாவற்றையும் இழந்தவர், சம்பாதித்துக் கொடுக்கிற சீப்பை விட்டுவிட்டு விமானத்தில் பணம் போடத் தயங்கியதை நான் கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கிரே சொன்னதுதான் சரியாக அமைந்தது. ஸ்பிட்ஃபயர் பறந்துவிட்டது.

1950களின் நடுவில் கார்கள் வந்தன. 1911ஆம் ஆண்டின் ரோல்ஸ் ராய்ஸ், 1930ஆம் ஆண்டின் நாலரை லிட்டர் பென்ட்லி, 1904ஆம் ஆண்டின் டராக் எல்லாம் 32-இல் ஒரு பங்கு அளவில். அசல் பென்ட்லி சுமார் 4.4 மீட்டர் நீளம், கிட்டில் 14 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறையும். இன்று பழைய கிட் பிரியர்கள் தேடுவது இவற்றைத்தான்.

இந்தக் காலக் கிட்டை ஒட்டுபவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்த சிலவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பாகங்களை ரன்னரிலிருந்து கையால் திருகிப் பிய்க்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் மொறுமொறுவென்று இருக்கும், ஸ்போக் வீலாக இருந்தால் நிச்சயம் உடையும். சின்னக் கட்டரால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மீதியை உப்புத்தாளில் தேய்க்கவும். பாலிஸ்டைரீன் பசை உண்மையில் பசையே அல்ல. இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கும் திரவம், ஆகவே துளி போதும். இடைவெளி விழுந்தால் மீந்த ரன்னர் துண்டுகளை அதே பசையில் கரைத்துப் பூசினால் அதே பிளாஸ்டிக்கால் அடைபடும். மஞ்சள் பூத்த டீக்கால் காகிதத்தை வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வைத்தால் வெளுக்கும். தண்ணீரில் போடும் முன் மேலே கிளியர் லாக்கர் ஒரு கோட் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூள்தூளாகும். கிரில்லுக்குள் ஆழம் தெரிய, தின்னர் அதிகம் கலந்த கறுப்பைத் தடவி, மேட்டில் பட்டதைத் துடைத்தெடுக்க வேண்டும். குரோம் பட்டைக்குச் சாக்லேட் சுற்றிய மெல்லிய அலுமினியத் தாள் அருமையாக இருக்கும். பழைய டெலிபோன் ஒயரின் உள் கம்பி, ஸ்பார்க் பிளக் ஒயராகும். ஒன்று மட்டும் நம் ஏரியாவுக்கென்றே சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லாக்கர் அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். பெயின்ட் வேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கோவ் கதைக்கு வருவோம். 1957-இல் ஏர்ஃபிக்ஸ் லண்டன் பங்குச் சந்தைக்குப் போனது. சைபீரியாவிலிருந்து தப்பி வந்தவர் ஒரு பொதுப் பங்கு நிறுவனத்தின் முதலாளியாக இருந்தது கொஞ்ச காலம்தான். 1958-இல், 66 வயதில் காலமானார். கிட்டுகள் கம்பெனியையே தூக்கி நிறுத்திய 1960களை அவர் பார்க்கவில்லை. அந்தக் காலத்தை நடத்தியவர்கள் எர்மனும் கிரேயும். பையனாக இருந்தபோது கையில் பசை ஒட்டிக்கொண்ட எத்தனையோ பேர் அந்த வருடங்களில்தான் உருவானார்கள்.

ஏர்ஃபிக்ஸ் 1981-இல் நொடித்தது. ஆனால் டைகள் தப்பின. அவற்றை ஜெனரல் மில்ஸ் வாங்கி பிரான்சின் கலே துறைமுக நகரில் வைத்து ஓட்டியது. 1986-இல் பெயின்ட் செய்யும் ஹம்ப்ரால் கைக்கு வந்தது. அதுவும் 2006-இல் முடங்க, பொம்மை ரயில் புகழ் ஹார்ன்பி வாங்கிக்கொண்டது. பழைய டைகள் சிலவற்றிலிருந்து அவ்வப்போது கிட்டுகளை மறுபடி வெளியிடுகிறார்கள். டை தேய்ந்திருப்பதால் விளிம்புகளில் பிசிறு அதிகம் இருக்கும், தேய்க்க நேரம் ஆகும். பழைய பையோடு விற்பவர்களிடம் வாங்குவதானால், பிரிக்காத பையாக இருந்தாலும் வெளியிலிருந்தே நான்கு சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.