இருளிற் கணித்தவர்

கண்ணிற் கட்டுடன் கட்டிலிற் கிடந்த ஓர் இரவில் எனக்கு லெயோனாட் ஒயிலரின் நினைவு வந்தது. முப்பது ஆண்டுகளாக உயர்தர வகுப்பிலே அவர் பெயரைக் கரும்பலகையில் எழுதி வந்தேன். அவருடைய கண்களைப் பற்றி ஒருநாளேனும் எண்ணியதில்லை.

கண்புரை அகற்றிய பின் கண்ணைக் கசக்கலாகாது என வைத்தியர் எச்சரித்திருந்தார். நானோ பொறுமையின்றிக் கசக்கிவிட்டேன். மூன்றாம் நாள் கண் சிவந்து, நோவெடுத்து, பார்வை மங்கிற்று. வெட்டுவாய் சற்றே விலகிக் கிருமி புகுந்துவிட்டதென்றார் வைத்தியர். உடனே கண்ணுள் மருந்து செலுத்திக் கட்டுப் போட்டார்.

ஒயிலர் 1707இல் சுவிற்சர்லாந்தின் பேசல் நகரில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். 1727இல் உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழகத்தை அடைந்தார். 1738இல் வலக்கண் ஒளி இழந்தது. 1741 முதல் இருபத்தைந்து ஆண்டுகள் பேர்லினில் உழைத்தார். அங்கே பிரடெரிக் மன்னன் அவரை ஒற்றைக்கண் அரக்கனென்று ஏளனஞ் செய்தான். 1766இல் உருசியாவுக்கு மீண்டபோது எஞ்சிய இடக்கண்ணையும் புரை மூடத் தொடங்கியது. எழுத இயலாத அவர், தையற்காரரிடம் தொழில் பயின்ற ஓர் இளைஞனுக்குச் சொல்லி எழுதுவித்த அட்சரகணித நூல் 1770இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்தது. எழுதி எழுதியே அவ்விளைஞனும் அக்கணிதத்தைக் கற்றுக்கொண்டானாம்.

1771இல் நகரிற் பற்றிய தீ அவர் வீட்டையும் எரித்தது. பீற்றர் கிறிம் என்னும் பேசல் நகரத்தவர் அவரைச் சுமந்து வெளியே கொணர்ந்தார். அதே ஆண்டில் வென்சல் என்னும் கண் வைத்தியர் புரையை அகற்றினார். பிரான்சின் தவியேல் 1747இல் தொடங்கிய முறை அது: கண்ணின் முன்னுள்ள தெளிந்த படலத்தைக் கீறி, மங்கிய வில்லையை வெளியே எடுப்பது. தையல் இல்லை, கட்டும் ஓய்வுமே துணை. ஒயிலர் மீண்டும் உலகைக் கண்டார். ஆனால் சில நாட்களில் புண்ணிற் சீழ் கட்டியது. தாங்கொணா வேதனையின் பின் பார்வை முற்றாக அழிந்தது. புண்ணைக் கிருமியினின்று காக்கும் வழியை லிஸ்ரர் எடுத்துரைத்தது 1867இலேதான்.

கிடைத்ததை இழப்பது கிடையாமையினுங் கொடிது. எனினும் ஒயிலர் ஓயவில்லை. 1772இல் சந்திரனின் இயக்கம் பற்றிய பெருநூல் வந்தது. 1775இல் ஏறத்தாழ வாரத்துக்கொரு கட்டுரை என்னும் அளவில் எழுதுவித்தார். அவருடைய ஆக்கங்களில் ஏறக்குறைய அரைவாசி 1766இன் பின் எழுந்தவையே. 1783 செப்டெம்பர் 18இல், புதிதாகக் கண்டறியப்பட்ட யுறேனசுக் கோளின் பாதை பற்றி உரையாடிய அன்றே உயிர் நீத்தார்.

அவ்விரவில் நானும் ஒன்று முயன்றேன். ஒன்று, காலொன்று, ஒன்பதிலொன்று என முடிவின்றிச் செல்லும் தொடரின் கூட்டுத்தொகை பையின் வர்க்கத்தில் ஆறிலொரு பங்கென்று 1735இல் அவர் காட்டினார். அந்நிறுவலை எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். கண்ணை மூடி மனத்திலே செய்யப் புகுந்தேன். மூன்றாம் வரியிலேயே இழை அறுந்தது.

என் கண் தப்பியது. கட்டவிழ்த்த அன்று மகளிடம் முதலிற் கேட்டது தாளும் பென்சிலுந்தான்.